கடிந்துகொள்ளுதல்: விவிலியத் தமிழில் ஒரு சொல்லாராய்ச்சி

‘கடிந்துகொள்ளுதல்’ என்னும் சொல் நம் பேச்சு வழக்கிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. மலேசியத் தமிழர் வாயில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்ட சொல் ‘ஏசுதல்’ என்பதாகும். ஆசிரியர் ஏசினார், அப்பா ஏசினார், மேலாளர் ஏசினார் என்கிறோம். ஏச்சில் சினம் உண்டு, இழிவு உண்டு. ஏசப்பட்டவன் அதன்பின் என்னவாக வேண்டும் என்னும் கருத்து மட்டும் அதில் இல்லை. கடிதல் என்னும் பழஞ்சொல்லுக்கோ அக்கருத்தே உயிர். அச்சொல் இன்றும் வாழும் இடங்களுள் ஒன்று கிறிஸ்தவர்களின் தமிழ் விவிலியம். அங்கு அது எப்பொருளில், எந்நோக்கில் ஆளப்படுகிறது என்று தமிழாசிரியன் என்னும் முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். சமயத் தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று.

ஆராய வேண்டிய தேவை உண்டு. பிள்ளைகளைக் கடுமையாக நடத்துவதற்கு நூல் துணை தேடுவோர் விவிலியத்தின் பிரம்பை எடுத்துக் காட்டுகின்றனர். எவரையும் எதுவும் சொல்லாது விடுவதற்கு நூல் துணை தேடுவோர், பிறன் கண்ணிலுள்ள துரும்பைப் பற்றிய உவமையை எடுத்துக் காட்டுகின்றனர். இரு சாராரும் நூலைப் பாதி படித்தவர்கள் என்பது என் துணிபு.

ஒரு மூலச்சொல், இரு தமிழ்ச்சொற்கள்

தமிழில் புதிய ஏற்பாடு முதன்முதல் அச்சேறியது 1715இல், தரங்கம்பாடியில். சீகன்பால்கு தொடங்கிய அப்பணியைப் பதினெட்டாம் நூற்றாண்டில் பெப்ரிசியுஸ் திருத்தி வளர்த்தார். 1850இல் யாழ்ப்பாணத்துப் பெர்சிவல் ஐயரின் மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அதற்கு உதவியவர் ஆறுமுக நாவலர் என்பதைத் தமிழுலகம் நன்கறியும். பின்னர் போவர் ஐயர் தலைமையில் நிறைவேறி 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பே தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் இன்றளவும் பெருவழக்காக ஓதப்படுவது. இதனைப் பழைய மொழிபெயர்ப்பு எனக் குறிப்போம்.

புதிய ஏற்பாட்டின் மூலமொழி கிரேக்கம். அதில் கண்டித்தலைக் குறிக்க வரும் சொற்களுள் ஒன்று ‘எபிதிமாவோ’ என்பது. இயேசு புயற்காற்றை அடக்கும் இடத்தில் இச்சொல் வருகிறது. தீய ஆவிகளை விரட்டும் இடத்திலும் வருகிறது. குற்றம் செய்த சகோதரனைத் திருத்துமாறு சீடர்க்குக் கூறும் இடத்திலும் (லூக்கா, 17ஆம் அதிகாரம்) அதே சொல்தான். பழைய மொழிபெயர்ப்பாளர் இவற்றுக்கு ஒரே தமிழ்ச்சொல்லை இடவில்லை. காற்றுக்கும் ஆவிக்கும் ‘அதட்டுதல்’ என்றனர். சகோதரனுக்குக் ‘கடிந்துகொள்ளுதல்’ என்றனர். காற்றை அதட்டினால் காற்று அடங்கும். அதற்கு மனம் இல்லை. மனிதனை அதட்டினாலும் அடங்குவான். ஆனால் அடங்குதல் வேறு, திருந்துதல் வேறு. இவ்வேறுபாடு மூலத்தில் ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது. தமிழ் அதனை இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறது.

இதனை மாறா விதி எனக் கொள்ளலாகாது. தங்களை ஏற்காத சமாரியச் சிற்றூரை வானத்து நெருப்பால் அழிக்க விரும்பிய சீடர் இருவரை இயேசு அதட்டியதாகவே அம்மொழிபெயர்ப்பு கூறுகிறது. குழந்தைகளை அவரிடம் கொண்டுவந்தவர்களைச் சீடர் தடுத்தபோதும் ‘அதட்டினார்கள்’ என்றே காண்கிறோம். ஆயினும் இவ்விரண்டாம் இடம் நம் கருத்துக்கு வலிவே தருகிறது. சீடர் செய்தது திருத்தமன்று, விரட்டல். குழந்தைகளை அருகில் வரவிடுமாறு கூறி, இயேசு அவர்கள்மீதே சினங்கொண்டார். அதட்டல் எளிது, அதட்டுபவன் தன்னைச் சரியென எண்ணிக்கொள்வதும் எளிது.

இனி ‘கடிதல்’ என்பதன் பொருளைக் காண்போம். குறளில் 44ஆம் அதிகாரத்தின் பெயர் குற்றங்கடிதல். அங்குக் கடியப்படுவது குற்றமே அன்றிக் குற்றவாளி அல்லன், கடிதலாவது நீக்குதல். அரசன் தன் குற்றத்தைத் தானே நீக்கிக்கொள்வதை அவ்வதிகாரம் பேசுகிறது. அடுத்து வரும் அதிகாரம் பெரியாரைத் துணைக்கோடல். தன் கண்ணுக்குத் தெரியாத குற்றத்தை இடித்துரைப்பார் இல்லாத மன்னன், பகைவர் இன்றியும் கெடுவான் என்பது ஆண்டுக் கூறப்படும் கருத்து. தானே நீக்குவதும் பிறர் துணையால் நீக்குவதும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பது எண்ணத்தக்கது. ‘கடிந்துகொள்’ என்று எழுதிய விவிலியத் தமிழ், இந்தப் பழைய பொருளின் நிழலில்தான் நிற்கிறது.

பேசாதிருத்தல் பகையாகும்

பழைய ஏற்பாட்டில் இதற்கு அடிப்படையான கட்டளை லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் உள்ளது. அவ்வதிகாரம் அறுவடையில் ஏழைக்குக் கதிர் விட்டுவைக்கச் சொல்கிறது. கூலியாளின் கூலியை விடியுமட்டும் நிறுத்திவைக்கலாகாது என்கிறது. செவிடனைப் பழிப்பதையும் குருடன்முன் தடை வைப்பதையும் விலக்குகிறது. அவற்றை அடுத்துச் சகோதரனை உள்ளத்தில் பகைத்தல் கூடாது, அவனைக் கடிந்துகொள்ளவே வேண்டும் என்று கூறுகிறது. அதற்கு அடுத்த வாக்கியத்தில்தான், தன்னைப்போல் பிறனையும் நேசிக்கவேண்டும் என்னும் புகழ்பெற்ற கட்டளை வருகிறது.

பழைய மொழிபெயர்ப்பின் ‘பகையாயாக’ என்னும் வடிவம் மாணவரைத் தடுமாறச் செய்யும். அதனைப் பகைக்குமாறு ஏவுவதாகப் படிப்பாரும் உண்டு. அஃது எதிர்மறை, ‘பகையாதே’ என்பதே பொருள். இலக்கணம் அறியாதவன் கட்டளையையே தலைகீழாக்கிவிடுவான் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ! எபிரேய மூலத்தில் கடிந்துகொள்ளும் வினை அழுத்தத்தின் பொருட்டு இரட்டித்து வருகிறது. அவ்வழுத்தத்தை ‘எப்படியும்’ என்னும் ஒரு சொல்லால் தமிழாக்கியவர் திறம் பாராட்டத்தக்கது.

வைப்புமுறையை நோக்குக. பகையாமை, கடிதல், நேசித்தல் என்னும் மூன்றும் ஒரே மூச்சில் வருகின்றன. நடுவில் உள்ளதை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் இணையமாட்டா. ஒருவன் குற்றத்தைக் கண்டும் அவனிடம் சொல்லாது மனத்தில் வைத்திருப்பவன் பொறுமையாளன் அல்லன்; பகைவன். வெளியே சொல்லாத குறை உள்ளே புளித்துப் பகையாகிறது. நீதிமொழிகளின் 27ஆம் அதிகாரமும் மறைவான அன்பைவிட வெளிப்படையான கண்டனம் நன்று என்னும் கருத்துடையது. நட்பு சிரித்து மகிழ்வதற்கு மட்டும் உரியதன்று, வரம்பு மீறும்போது முற்பட்டு இடித்துரைப்பதற்கே உரியது என்று வள்ளுவர் கூறுவதும் இக்கருத்தே.

ஆயினும் எல்லை உண்டு. லேவியராகமக் கட்டளையின் இறுதியில் பாவம் சுமத்தல் என்னும் தொடர் வருகிறது. யூத மறைநூல் அறிஞர் இதற்கு ஒரு நுட்பமான பொருள் கண்டனர். கடிந்துகொள்ளும்போது எதிரில் நிற்பவனின் முகம் வெளிறும்படி நாணச் செய்தால், அந்தப் பாவம் கடிந்தவனையே சாரும் என்பது அவர்தம் உரை. வகுப்பறைக்குள் நுழையும் ஒவ்வோர் ஆசிரியரும் மனத்திற் கொள்ளவேண்டிய உரை இது.

உணர்த்துதலும் ஆதாயமும்

கடிந்துகொள்ளும் முறையை மத்தேயு 18ஆம் அதிகாரம் படிப்படியாக வகுக்கிறது. முதலில் குற்றம் செய்தவனும் நீயும் தனித்திருக்கையில் பேசு. அவன் கேளாவிடில் ஓரிருவரை உடன்கொண்டு போ. அதற்கும் கேளாவிடில் சபைக்குத் தெரிவி. முதற்படி தனிமை என்பது கவனிக்கத்தக்கது.

இங்கு வரும் கிரேக்கச் சொல் வேறு. ‘எலெங்கோ’ என்னும் அச்சொல்லுக்கு வெளிச்சத்திற்குக் கொண்டுவருதல், மெய்ப்பித்தல் என்பன பொருள். பழைய மொழிபெயர்ப்பு இதனை ‘உணர்த்து’ என்று தந்தது. கத்தோலிக்கரும் பிற சபையாரும் கூடி உருவாக்கி 1995இல் வெளியிட்ட திருவிவிலியம் ‘எடுத்துக்காட்டுங்கள்’ என்று தந்துள்ளது. வெளிச்சத்திற்குக் கொண்டுவருதல் என்னும் மூலப்பொருளுக்கு எடுத்துக்காட்டுதல் அணுக்கமானதே. ஆயினும் என் வாக்கு பழைய சொல்லுக்கே. எடுத்துக்காட்டுதல் காட்டுபவனோடு முடிந்துவிடும். உணர்த்துதல் கேட்பவன் உள்ளத்தில்தான் முடியும். கணக்கில் பிழையைச் சிவப்பு மையால் சுழித்துவிடுவது எடுத்துக்காட்டுதல். எந்த அடியில் வழி தவறியது என்று மாணவனே கண்டுகொள்ளச் செய்வது உணர்த்துதல். முன்னது திருத்துபவரின் வேலையை முடிக்கிறது. பின்னது மாணவனின் வேலையைத் தொடங்கி வைக்கிறது.

அதே இடத்தில், அவன் கேட்டுக்கொண்டால் விளையும் பயனையும் நூல் கூறுகிறது. பழைய மொழிபெயர்ப்பு இங்கு ஆண்ட சொல் ‘ஆதாயம்’. சகோதரனை நீ ஆதாயமாகப் பெற்றாய் என்பது கருத்து. மூலத்திலும் இது வணிகர் வழங்கும் சொல்லே. துறைமுகப் பட்டினமாகிய பினாங்கில் வாழ்வோர்க்கு ஆதாயம் இன்னதென்று விளக்கத் தேவையில்லை. ஆதாயம் என்று சொன்னவுடனே, பேசுவதற்கு முன் அவன் நட்டக் கணக்கில் இருந்தான் என்பது விளங்கும். அந்த நட்டம் அவனுடையது மட்டுமன்று, உன்னுடையதும் ஆகும் என்பதும் விளங்கும். திருவிவிலியம் இவ்விடத்தில் உறவு தொடரும் என்னும் கருத்தை வைக்கிறது. அது இனிய கருத்தே. ஆனால் இழந்ததை மீட்டான் என்னும் அழுத்தம் அதில் தளர்ந்துவிட்டது. ‘நீ, அவன்’ என்ற பழைய ஒருமையை விட்டு ‘நீங்கள், அவர்’ என்று மதிப்புப் பன்மைக்கு வந்தது புதிய மொழிபெயர்ப்பின் பேறு. குற்றம் செய்தவனையும் ‘அவர்’ என்று சுட்டக் கற்றுக்கொடுப்பது சிறிய செயலன்று. சொல்லில் பழையதும் மதிப்பில் புதியதும் சிறந்தன என்பதே நடுவுநிலைத் தீர்ப்பாகும்.

ஆகவே கடிதலின் நோக்கம் விளங்கிவிட்டது. சினத்தை ஆற்றிக்கொள்வதன்று, நீதியை நிலைநாட்டிவிட்டோம் என்று நிறைவு கொள்வதன்று, ஆளைத் திரும்பப் பெறுவதே நோக்கம். பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பேரறிஞர் தாமஸ் அக்குவினாஸ், சகோதரனைத் திருத்துதலை அன்பின் செயல்களுள் ஒன்றாக வைத்துப் பேசியதும் இதுபற்றியே.

நாத்தானும் கோவூர்கிழாரும்

இம்முறைக்கு விவிலியம் தரும் சிறந்த காட்சி நாத்தான் தாவீதைக் கடிந்தது. அரசன் தாவீது தன் படைவீரன் ஒருவனின் மனைவியைக் கவர்ந்து, அவனைப் போர்முனையில் மாளச் செய்தான். நாத்தான் வந்து குற்றம் சாட்டவில்லை. ஒரு கதை சொன்னான். ஏழை ஒருவன் மகள்போல் வளர்த்த ஒற்றை ஆட்டுக்குட்டியை, மந்தைகள் பல உடைய செல்வன் பறித்து விருந்து சமைத்தான் என்பது கதை. கேட்ட அரசன் கொதித்தெழுந்து செல்வனுக்குச் சாவுத் தீர்ப்பு வழங்கினான். அந்தச் செல்வன் அரசனே என்று நாத்தான் சுட்டியது அதன் பின்னர்த்தான். தன் வாயால் தன் குற்றத்தை வெறுத்த பிறகே தாவீது தன்னைக் கண்டான். உணர்த்துதல் என்பது இதுவன்றோ!

நம் புறநானூற்றின் 46ஆம் பாட்டு இதற்கு இணையாக நிற்கிறது. மலையமானின் சிறுவர்களை யானைக் காலில் இடவிருந்த கிள்ளிவளவனைக் கோவூர்கிழார் தடுத்த பாட்டு அது. புலவர் அரசனைக் கொடியவன் என்று கூறவில்லை. புறாவின் பொருட்டுத் தன்னையே தந்தவன் மரபினன் நீ என்று நினைவூட்டுகிறார். யானையைக் கண்டு அழுகை மறந்து நிற்கும் சிறுவரைக் காட்டுகிறார். கேட்டபின் உன் விருப்பப்படி செய்க என்று முடிக்கிறார்.

இருவரும் அரசனுக்குள் உறங்கும் நல்லவனை எழுப்பி, அவனைக் கொண்டே கெட்டவனைக் கடிந்தனர். வேறுபாடும் உண்டு. நாத்தான் வந்தது கொலை முடிந்தபின். ஆதலால் அவன் சுட்டிக் காட்டியே தீரவேண்டும். கோவூர்கிழார் நின்றது கொலைக்கு முன். ஆதலால் முடிவை அரசனிடமே விட முடிந்தது. சிறுவர் உயிர் பிழைத்தனர். காலத்தில் வரும் கடிதல் மென்மையாக இருக்கலாம். காலம் தாழ்ந்தது கூர்மையாக இருந்தே ஆகவேண்டும்.

எவரைப் பலர் முன்னிலையில்?

இங்கு ஒரு தடை எழும். தனிமையே முதற்படி எனில், பலர் முன்னிலையில் கடிந்துகொள்ளுமாறு கூறும் இடமும் விவிலியத்தில் உண்டே என்பர். உண்டு. மற்றவர்க்கு அச்சம் உண்டாகும்படி எல்லார் முன்னும் கடிந்துகொள்ளச் சொல்கிறது தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகம், 5ஆம் அதிகாரம். ஆனால் அது யாரைப் பற்றியது? முன்வாக்கியம் சபையை நடத்தும் மூப்பரைப் பற்றியது. அவர்மேல் வரும் குற்றச்சாட்டைச் சாட்சி இருவர் மூவரின்றி ஏற்காதே என்கிறது. ஆகவே பலரறியக் கடியத்தக்கவர், சான்றுடன் குற்றம் மெய்யான தலைவர். அதே அதிகாரம், சாதாரண முதியவரைக் கடிந்துகொள்ளாது தந்தைக்குச் சொல்வதுபோல் சொல் என்றே தொடங்குகிறது.

பிற இடங்களும் இதனோடு ஒத்துவருகின்றன. அந்தியோகியாவில் பவுல் பேதுருவை எல்லார் முன்னும் எதிர்த்தார். பேதுரு தலைவர், யூதரல்லாதாரோடு உண்டுவந்தவர், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அஞ்சி விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்றவரும் விலகினர். பலரைச் சாய்த்த பிழையைப் பலர் முன்னே நிமிர்த்த வேண்டியதாயிற்று. இந்நிகழ்ச்சி குறித்து எரோணிமுசும் அகுஸ்தீனும் நான்காம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி நெடுங்காலம் கடிதத்தில் வாதிட்டனர். அது நடிப்பே என்றார் எரோணிமுஸ். மெய்யான கண்டனம் என்றார் அகுஸ்தீன். இளையவர் கடிந்ததைப் பணிவோடு ஏற்ற பேதுருவின் பெருமையை அகுஸ்தீன் வியந்து போற்றுகிறார். இயேசு பலரறியக் கடுமொழி கூறியதும் பெரும்பாலும் மக்களை வழிநடத்திய வேத அறிஞரையும் பரிசேயரையுமே. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைக் கூட்டத்தின் நடுவில் நிறுத்தியவர் வேறு சிலர். அவரோ கூட்டம் கலைந்தபின், அவள் தனித்து நிற்கையில்தான் இனிப் பாவம் செய்யாதே என்று அறிவுறுத்தினார். இப்பகுதி மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் இல்லை என்பது அறிஞர் கருத்தாயினும், நெடுங்காலமாகச் சபைகள் போற்றிவந்த பகுதி அது.

இதற்கு மறுதலையான சான்று ஏலி என்னும் ஆசாரியன். அவன் மக்களும் ஆசாரியர். வழிபட வந்தோரிடம் இறைச்சியை வன்முறையாகப் பறித்தனர். ஏலி அவர்களிடம் நல்ல வார்த்தை சொன்னான், பதவியிலிருந்து விலக்கவில்லை. வாயால் கண்டித்தும் அடக்காது விட்டதே அவன் குற்றம் என்று தீர்ப்பு வந்தது. வலியவனுக்கு மென்சொல் மட்டும் போதாது.

ஆக, பொதுவில் நோக்கின் விவிலியத்தில் வெளிப்படையான கடிதல் மேல்நோக்கிச் செல்கிறது. தனிமையில் உணர்த்துதல் எளியவர்க்கு உரியதாகிறது. நம் வாழ்க்கையில் நடந்ததோ இதன் நேர் எதிர். பால்மரத் தோட்டங்களில் அந்நாளில் விடியுமுன் பெரட்டுக்கு நின்ற நம் பாட்டன் பாட்டியர் பலர் முன்னிலையில் ஏசப்பட்டனர். கிராணியும் மண்டோரும் ஏசியது பெரும்பாலும் பிழை திருத்துவதற்காக அன்று; நின்ற மற்றவர் அஞ்சுவதற்காக. துரையின் பிழையைப் பெரட்டில் எடுத்துரைத்தவர் எத்துணைப் பேர்? அந்தப் பழக்கம் தோட்டத்தோடு போய்விடவில்லை. வகுப்பறைக்குள்ளும் வந்து நிற்கிறது. பாடம் வராத பிள்ளையை எழுப்பி நிறுத்தி, உன் அப்பனைப்போல் மரம் வெட்டத்தான் போவாய் என்று சொல்லும்போது, கடியப்படுவது குற்றம் அன்று. ஒரு குடும்பத்தின் உழைப்பு. அச்சொல்லால் எந்தப் பிள்ளையையும் ஆதாயப்படுத்திக்கொள்ள இயலாது.

பிரம்பும் துரும்பும்

எஞ்சியவை இரண்டு. பிரம்பைக் கையாளாத தந்தை மகனைப் பகைக்கிறான் என்னும் கருத்து நீதிமொழிகள் 13ஆம் அதிகாரத்தில் இருப்பது மெய், மறைப்பதற்கில்லை. ஆனால் 17ஆம் அதிகாரத்தையும் சேர்த்துப் படிக்கவேண்டும். மூடன்மேல் விழும் நூறு அடியைவிட அறிவுள்ளவன் உள்ளத்தில் ஒரு கடிந்துரை ஆழமாக இறங்கும் என்பது அங்குள்ள கருத்து. பிரம்பைப் பேசும் நூலே அதனினும் ஆற்றல் மிக்கது சொல் என்கிறது. நம் மாணவரை மூடர் என்று கருதுவோமாயின் பிரம்பைத் தேடலாம். அறிவுள்ளவர் என்று கருதுவோமாயின் சொல்லைத் தேடவேண்டும். வள்ளுவரும் வெருவந்தசெய்யாமை என்னும் அதிகாரத்தில், ஓங்கும்போது கடுமையாக ஓங்கி, விழும்போது மெல்ல விழச் செய்க என்றார்.

துரும்பின் உவமையும் அவ்வாறே. தன் கண்ணில் உத்திரம் இருக்கப் பிறன் கண்ணின் துரும்பை எடுக்கப் போகாதே என்பதோடு பலர் நிறுத்திவிடுகின்றனர். உவமை அங்கு முடியவில்லை. முதலில் உத்திரத்தை எடு, பிறகு துரும்பை எடுக்க உனக்குப் பார்வை தெளிவாகும் என்று முடிகிறது. துரும்பை எடுக்கவேண்டா என்று அது கூறவில்லை. கண்ணில் கைவைப்பவனுக்குத் தெளிந்த பார்வையும் நடுங்காத விரலும் வேண்டும் என்கிறது.

முறை சரியாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்குப் பேதுருவே மற்றொரு சான்று. பாடுபடப் போவதாகக் கூறிய இயேசுவை அவர் தனியே அழைத்துப்போய்த்தான் கடிந்துகொண்டார். தனிமை இருந்தது, அன்பும் இருந்தது, உண்மை இல்லை. ஆகவே கடிந்தவரே கடியப்பட்டார்.

தமிழாசிரியர்கள் இச்சொல்லை மீண்டும் வழக்கிற்குக் கொண்டுவரவேண்டும் என்பது என் விருப்பம். சொல்லோடு அதன் பொருளும் வரவேண்டும். ஒருவரை ஏசினோமா, கடிந்துகொண்டோமா என்று அறிய எளிய அளவுகோல் ஒன்று உண்டு. மறுநாட் காலை அவர் நம்மைக் கண்டு ஒதுங்குகிறாரா, நம்மிடம் வருகிறாரா என்று பார்த்தால் போதும்.